உறையில் இல்லாத ஐந்து

அக்டோபர் 5, சனி

இந்த நோட்டை இன்றுதான் வாங்கினேன். நாற்பத்தொன்பது வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்குவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை முதல் அறுபது நாளைக்கு ஆய்வகக் குறிப்பேட்டில் நான் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. எதைச் செய்தாலும் நேரம் போட்டு எழுதிப் பழகிய கை. அதற்கு வேறு இடம் வேண்டும்.

நேற்றைய கூட்டத்தில் என்னை உப்பு போடுபவராக நியமித்தார்கள். இது எங்கள் துறை வழக்கம். மிக அரிதான ஒன்றைத் தேடுகிறவர்கள் ஆசையில் தங்களையே ஏமாற்றிக்கொள்வார்கள். அதைத் தடுக்க, குழுவில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் சில பொய்ச் சமிக்ஞைகளைக் கருவிக்குள் கலந்துவிடுவார். அதுதான் உப்பு. எத்தனை, எந்தெந்த நேரம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இயக்குநரிடம் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் எது அசல், எது உப்பு என்று தெரியாமலே ஆராய்ந்து முடிப்பார்கள். பிறகு உறை திறக்கப்படும். உப்பை நீக்கியபின் மிஞ்சுவதுதான் முடிவு.

எங்கள் இயக்குநர் துரைக்கண்ணு சார் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மங்கையர்க்கரசி மேடம்தான் சரி. அவங்க யாரையும் நம்ப மாட்டாங்க, ஆனா அவங்கள எல்லாரும் நம்புவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திட்டத் தலைவரான பியூலா கை தட்டினாள்.

உப்பு போடுபவர் தரவைப் பார்க்கக் கூடாது. ஆராயும் அறைக்குள் நுழையக் கூடாது. பதினோரு வருடம் நான் கட்டிய கிரையோஸ்டாட், அந்தக் கடுங்குளிர்ப் பெட்டி, ஓடப்போகும் அறுபது நாளும் நான் வெளியே. இது கௌரவம் என்று சார் சொன்னார். இருக்கலாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

கம்ப்யூட்டர் தரும் தற்செயல் எண்களைக் கெட்டிக்காரர் யாராவது ஊகித்துவிடலாம் என்று துரைக்கண்ணு சாருக்குச் சந்தேகம். பகடை உருட்டச் சொல்லியிருக்கிறார். மகள் பொருநை சின்ன வயதில் விளையாடிய லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்து, அடுப்படி மேடையில் உருட்டினேன். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் பன்னிரண்டு நேரங்கள் கிடைத்தன. விடியற்காலை, ஞாயிறு, தீபாவளி அன்று, எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. உறையை ஒட்டிவிட்டேன்.

பொருநை வந்து கதவைத் தட்டினாள். "ம்மா, அப்படி என்னதான் தேடுறீங்க?"

கல்லூரியில் இரண்டாம் வருடம். இதுவரை கேட்டதில்லை. சொன்னேன். விண்மீன் கூட்டங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற பொருளைவிடப் பல மடங்கு தெரியாத பொருள் அங்கே இருக்க வேண்டும். கரும்பொருள் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறோம். இந்த அடுப்படி வழியாகவும் அது போய்க்கொண்டிருக்கலாம். எப்போதாவது ஒரு தடவை அது ஒரே ஒரு ஒளித்துகளாக மாறக்கூடும் என்பது ஓர் ஊகம். அந்த ஒரு துகளைப் பிடிக்க, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பி. மிகக் கடுமையான குளிரில் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஓர் ஒளித்துகள் பட்டால்கூட அந்த இடம் சற்றே சூடேறி, ஓட்டம் ஒரு கணம் தடைபடும். அந்தத் தடையை எண்ணுகிறோம். இருட்டில் உட்கார்ந்து, அவ்வளவுதான்.

"ஒண்ணுமே வரலேன்னா?"

"ஒண்ணும் வரலேன்னு எழுதுவோம்."

"இதையே பியூலா ஆன்ட்டி சொன்னப்ப செம த்ரில்லா இருந்துச்சும்மா. இன்ஸ்டாவுல வீடியோ போட்டிருக்காங்க."

அக்டோபர் 7, திங்கள்

காலை 9.30க்கு நிலவறையில் விளக்குகளை அணைத்தோம். கருவி, தனிப்பூஜ்ய வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரிகூட இல்லாத குளிரில் நிற்கிறது. பம்ப்பும் ஹீலியமும் முபாரக் பாய் பொறுப்பு. "நேத்து வரிக்கும் கத்திக்கினு இருந்துச்சு மேடம். இன்னிக்கு பாருங்க, கொழந்த மாதிரி தூங்குது" என்றார். அந்தச் சத்தத்தின் அழகு தெரிந்தவர்கள் இங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

உப்புப் பெட்டி முதல் மாடியில், என் அறை அலமாரியில் இருக்கிறது. சின்ன எல்.இ.டி., ஒளியை ஒரே துகளாகக் குறைக்கும் வடிகட்டிகள், நிலவறை வரை போகும் ஒளியிழை. பன்னிரண்டு நேரங்களும் டைமரில் ஏறிவிட்டன. சோதனைக்கென்று ஒரு பட்டனும் உண்டு. ஓர் அழுத்தம், ஒரு துகள். யாரும் துப்பறிந்துவிடக் கூடாது என்பதால் பெட்டி தனக்குள் எதையும் பதிந்துவைக்காது. சாவி என்னிடம் மட்டும்.

பியூலா எல்லாருக்கும் நாகர்கோவில் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தாள்.

அக்டோபர் 12, சனி

பியூலாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் வெறும் மழையும் மாவும்தான் இருக்கும்.

பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தோம். விடுதியில் ஒரே அறை. அவளுடைய செய்முறை நோட்டுகள் அத்தனையும் என்னுடையதைப் பார்த்து எழுதியவை. என் பிழைகளும் சேர்ந்தே போயின. நான் முதல் ரேங்க். அவள் பதினான்கு. பதினைந்து வருடத்துக்கு முன், மின்தடை இல்லாத இந்த மீக்கடத்திக் கம்பியை வைத்துக் கரும்பொருள் தேடலாம் என்று நான் ஒரு திட்டம் எழுதினேன். நிபுணர் குழு "முதிர்ச்சியற்ற யோசனை" என்று திருப்பி அனுப்பியது. எட்டு வருடத்துக்குப் பின் ஜெர்மனியில் அதையே பியூலா செய்தாள். என்னிடமிருந்து எடுத்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் இன்னும் மோசம். தானாகவே தோன்றியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் திட்டத் தலைவராக இங்கே வந்து இறங்கினாள். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, "ஏட்டி மங்கை, நீ இருக்கேன்னு சொன்னாவ, அதாம்ட்டி வந்தேன்" என்றாள். செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பொறாமை அல்ல. ஒப்பீடு. விஞ்ஞானி ஒப்பிடாமல் என்ன செய்வாள்.

அக்டோபர் 17, வியாழன்

மழை. நிலவறைச் சுவரில் ஈரம். மிக்ஸி ஜார் ரிப்பேர்.

அக்டோபர் 22, செவ்வாய்

டி.வி.க்காரர்கள் வந்திருந்தார்கள். தோட்டத்தில், வேப்ப மரத்தடியில் பியூலாவை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. கைகளை விரித்துப் பிரபஞ்சத்தின் அளவைக் காட்டினாள். கேமராக்காரர் தரையில் மண்டியிட்டிருந்தார்.

எல்.இ.டி. வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். 11.20. உப்பு போடுபவரின் பொறுப்புதானே. நாளை சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உறையோடு சேர்த்துக்கொள்வார்.

அக்டோபர் 23, புதன்

சார் டெல்லி போயிருக்கிறார்.

அக்டோபர் 28, திங்கள்

சார் வந்துவிட்டார். லிஃப்டில் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 3, ஞாயிறு

மாவு அரைத்தேன். நாள் முழுக்க வீட்டில். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 6, புதன்

பாளையங்கோட்டையில் எங்கள் பழைய கல்லூரி பியூலாவுக்குப் பாராட்டு விழா நடத்தியது. கேன்டீன் டி.வி.யில் நேரலை. டீ வாங்கப் போனவள் நின்று பார்த்துவிட்டேன். எங்கள் பேராசிரியர், எண்பது வயதிருக்கும், நடுங்கும் கையால் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அவருடைய வகுப்பில் அவள் தூங்குவாள். கேள்வி கேட்டால் நான் முழங்கையால் இடித்து எழுப்புவேன்.

மைக்கில் சொன்னாள்: "என் பிராக்டிகல் நோட்டு அம்புட்டும் ஒருத்தியப் பாத்து காப்பி அடிச்சது. பேரு சொல்ல மாட்டேன், கோவிச்சுக்கிடுவா." அரங்கமே சிரித்தது. கேன்டீனும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பேர் சொல்லியிருக்கலாம்.

மாடிக்கு வந்தேன். 4.40. எல்.இ.டி. சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

முபாரக் பாய்க்குக் காய்ச்சல். இருந்தும் ஹீலியம் பார்க்க வந்துவிட்டார். போகச் சொன்னால், "நம்ம புள்ள ஓடிக்கினு இருக்கு மேடம், உட்டுட்டு எப்டி?" என்கிறார். இருமிக்கொண்டே நிலவறைக்கு இறங்கினார். கைபேசியை வாசல் பெட்டியில் வைத்துவிட்டு, சிவப்பு விளக்கில் தடவித் தடவிப் போவார். ஒரு நாளும் விதியை மீறியதில்லை.

நவம்பர் 18, திங்கள்

சாயங்காலம் பொருநை கல்லூரியிலிருந்து நேராக இங்கே வந்தாள். என்னைப் பார்க்க என்று நினைத்து இரண்டு டீ சொன்னேன். அவள் வரவில்லை. தேடிப் போனால், கீழே புல்வெளியில் பியூலாவோடு நடந்துகொண்டிருக்கிறாள். மேல்படிப்புக்கு எங்கே போகலாம் என்று கேட்கிறாள். என்னிடம் அவள் கேட்டதெல்லாம் வாஷிங் மெஷின் எப்போது சரியாகும் என்பதுதான்.

பியூலா ஏதோ சொல்ல, என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரிப்பதில்லை.

இரண்டு டீயையும் நானே குடித்தேன். அலமாரியைத் திறந்தேன், மூடினேன். 5.25.

வீட்டுக்குப் போகும் வழியில் பொருநை கேட்டாள்: "ஏம்மா, நீங்க பியூலா ஆன்ட்டிக்கு ரூம்மேட்னு எங்கிட்ட சொன்னதே இல்ல?"

"சொல்லும்படி ஒண்ணும் இல்ல."

"அவங்களுக்கு நெறைய இருந்துச்சே."

நவம்பர் 26, செவ்வாய்

பெரிய அரங்கில் பியூலாவின் சொற்பொழிவு. வெளியூர் விருந்தினர்கள். பத்து நிமிடம் பின்வரிசையில் நின்றேன். திரையில் கிரையோஸ்டாட்டின் படம், இரண்டாள் உயரத்துக்கு. "எங்கள் கருவி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். படத்தின் ஓரத்தில் ஒரு கை ஸ்பேனரைப் பிடித்திருக்கிறது. என் கை. என் வாட்ச். முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது.

வெளியே வந்துவிட்டேன். 3.10.

சோதனை என்று எழுதப் பேனா வரவில்லை. நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

காரியத்தைப் பற்றி அமைதியாக யோசித்தேன். பியூலா நல்ல விஞ்ஞானி என்றால் இதையெல்லாம் தானாகவே கண்டுபிடித்து நீக்கிவிடுவாள். இல்லையென்றால் அது எல்லாருக்கும் தெரிய வேண்டியதுதான். ஆக, யாருக்கும் நஷ்டமில்லை.

படித்துப் பார்த்தேன். வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத வாதங்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும், பொதுவாக.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஆய்வகத்தில் ஜெனரேட்டர் தாங்கிவிட்டதாக முபாரக் பாய் போன் செய்தார். வாசலில் முழங்கால் தண்ணீர்.

டிசம்பர் 5, வியாழன்

நாளையோடு ஓட்டம் முடிகிறது. மத்தியானம் பியூலா இரண்டு டிபன் டப்பாக்களோடு என் அறைக்கு வந்தாள்.

"சொதி வச்சேன். இஞ்சிப் பச்சடியும் இருக்கு. உங்கம்ம பக்குவம். சரியா வந்துருக்கா பாரு."

பாளையங்கோட்டையில் விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா அவளுக்குத்தான் முதலில் பரிமாறுவாள். சொதிக்குத் தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், முதல் பாலைக் கொதிக்கவிடக் கூடாது. அத்தனையும் சரியாகச் செய்திருந்தாள். நான் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். கட்டுரைல முத பேரு உன்னோடது. சார்ட்ட சொல்லிட்டேன். எது வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. அந்தப் பெட்டி உன்னதுல்லா."

"வேண்டாம்."

"நீ வேண்டாம்னுதான் சொல்லுவ. உங்கிட்ட யாரு கேட்டா?"

கை கழுவிவிட்டு, ஜப்பான்காரர்களோடு வீடியோ கூட்டம் இருக்கிறது என்று ஓடினாள். டப்பாவை அப்புறம் வாங்கிக்கொள்கிறாளாம்.

பதினோரு வருடம் வேலை பார்த்தது நான். முதல் பெயரைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் இருப்பது அவள். வாங்கிக்கொள்கிற இடத்தில் நான். வாயில் இஞ்சிக் காரம் போகவே இல்லை.

2.35.

டப்பாவைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

காலை 9.30க்கு ஓட்டம் முடிந்தது. விளக்குப் போட்டதும் எல்லாரும் கண்ணைக் கசக்கினார்கள். ஆராய ஒரு வாரம். அடுத்த வெள்ளி உறை திறப்பு.

டிசம்பர் 10, செவ்வாய்

பொருநையின் அப்பா ஓசூரிலிருந்து வந்திருக்கிறார். ஏன் இளைத்திருக்கிறாய் என்று கேட்டார். மழை என்றேன்.

உறை சாரின் பீரோவில் இருக்கிறது. நினைத்தால் இன்றுகூடப் போய்ச் சொல்லலாம். நாளையும் சொல்லலாம். வியாழனும் இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

பதினெட்டு.

காஸ்மிக் கதிர்களால் வருவது, கருவியின் கோளாறால் வருவது எல்லாவற்றையும் கழித்தபின் அறுபது நாளில் பதினெட்டுத் துடிப்புகளை வைத்திருந்தார்கள். கழிக்க முடியாத பின்னணியாக ஒன்று வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். மீதி எல்லாம் உப்பாகத்தான் இருக்கும் என்று அறை முழுக்க நினைத்தது. துரைக்கண்ணு சார் உறையைக் கிழித்து, ஒவ்வொரு நேரமாகப் படித்தார். பியூலா பலகையில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது முடிந்ததும் சார் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அவ்ளோதானா மேடம்?"

நான் தலையசைத்தேன்.

பலகையில் ஆறு நேரங்கள் அடிக்கப்படாமல் நின்றன. ஒன்று வர வேண்டிய இடத்தில் ஆறு. யாரோ ஒரு நாற்காலியை இடித்தார்கள். பிறகு கைதட்டல். முபாரக் பாய் வாசலில் நின்று, "வந்துச்சா சார்? நம்ம பெட்டில வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பியூலா தட்டவில்லை. என்னிடம் வந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் புடவை நனைந்தது.

புதன்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பு என்கிறார் சார். என் பெயர் முதலில்.

டிசம்பர் 14, சனி

எழுதவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

எதையும் அரைக்கவில்லை. கடையில் தோசை வாங்கினோம்.

டிசம்பர் 16, திங்கள்

காலை 10.15க்குப் பியூலா வந்தாள். கதவைச் சாத்தினாள். அப்படிச் செய்கிறவள் இல்லை. ஒரு தாளை மேசையில் வைத்தாள். ஆறு நேரங்கள்.

"பலகையப் பாத்துக்கிட்டே இருந்தேன் மங்கை. இதுல அஞ்சு நேரம் எனக்குப் பிடிக்கல."

"ஏன்?"

"அஞ்சும் வேல நாளு. அஞ்சும் ஆபீஸ் நேரம். கரும்பொருளுக்கு ஞாயித்துக்கிழம லீவா?" சிரிக்கவில்லை. "அப்பொறம் என் போன்ல காலண்டரத் தொறந்து பாத்தேன். அக்டோபர் இருவத்திரண்டு, டி.வி. பேட்டி. நவம்பர் ஆறு, பாளையங்கோட்டை. பதினெட்டு, உன் மக கூடப் பேசிட்டிருந்தேன். இருவத்தாறு, லெக்சர். டிசம்பர் அஞ்சு, உங்கூடச் சாப்பிட்டுட்டு ஜப்பான் மீட்டிங். அஞ்சு தடவையும் நான் ஆராயுற அறைல இல்ல."

நான் தாளையே பார்த்தேன்.

"நெலவறைக்கு எவனாவது லைட்டோட போயிருக்கணும்னு சார் சொல்லுதாரு. நான் இல்லாதப்ப கீழ போறது முபாரக் பாய் மட்டுந்தான். மூணு மணிக்கு அவரக் கூப்பிட்டு விசாரிக்காவ."

"பாய் விதிய மீற மாட்டார்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது." ஜன்னல் வழியாக வேப்ப மரத்தைப் பார்த்தாள். "உப்புப் பெட்டில ஒரு டெஸ்ட் பட்டன் உண்டுல்லா?"

"உண்டு."

"அது தானா அழுந்துமா?"

"தானா அழுந்தாது."

காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் நேரம் பார்க்காத சில நிமிடங்களில் அது ஒன்று.

"சரி" என்றாள். "அப்ப பாய்ட்டத்தான் கேக்கணும்." போகும்போது டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். "நல்லா வெளக்கி வச்சிருக்கியே."

அவளுக்குத் தெரியாது என்று அரை மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு இயக்குநர் அறை. முபாரக் பாய் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "மேடம், நீங்களே சொல்லுங்க. நான் என்னிக்காச்சும் செல்லு எட்துக்கினு கீழ போயிருக்கனா? பெரியவங்க கேக்குறாங்க, பதில் சொல்லத் தெர்ல எனக்கு."

பதினோரு வருடத்தில் அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

"பாய் இல்ல சார்" என்றேன். "அஞ்சும் நான்."

துரைக்கண்ணு சார் கண்ணாடியைக் கழற்றினார். "டெஸ்டா மேடம்? டெஸ்ட் பண்ணிட்டு எழுத மறந்துட்டீங்க. அப்படித்தானே?" நல்ல மனிதர். நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தார்.

"மொதல் தடவை டெஸ்ட்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மத்த நாலு தடவை அதுவும் சொல்லல."

"ஏன்?" என்றார்.

நான் பியூலாவைப் பார்த்தேன். பிறகு வாயில் வந்தது ஊர்ப் பேச்சு. எத்தனை வருடமாகவோ அவளிடம் பேசாத பேச்சு. "உன்னப் பொறுக்க முடியலட்டி. அவ்வளவுதான்."

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

முபாரக் பாய்தான் முதலில் வெளியே போனார். என்னைத் தாண்டும்போது, "பெட்டி நம்மள்துன்னு நெனச்சேன் மேடம்" என்றார். அதை இங்கே எழுதிவைக்கிறேன். அவர் சொன்ன இது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று தோன்றுகிறது. மற்றவை நிர்வாகம்.

பத்திரிகையாளர் சந்திப்பு ரத்து. என் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை உண்டு.

கடைசியில் சார் கேட்டார்: "அஞ்சு போக ஆறாவது ஒண்ணு இருக்கு. நவம்பர் மூணு, பகல் ஒண்ணு பதினேழு."

"அது நான் இல்ல."

அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னை இருபது வருடமாக அறிந்தவர்கள், நான் சொன்னால் அளந்து பார்க்காமல் எழுதிக்கொள்பவர்கள். ஒருவரும் "சரி" என்று சொல்லவில்லை. சார் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்றத வச்சு இனிமே எப்படி மேடம் அத நாங்க எடுத்துக்கிறது? பின்னணியோ, தேடினதோ, எதுன்னே சொல்ல முடியாது. அறுபது நாளும் குப்பை."

பியூலா அந்த ஆறாவது நேரத்தின் மேல் விரலை வைத்திருந்தாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

பொருநையிடம் காலையில் சொன்னேன். முழுவதும் கேட்டாள். எழுந்துபோய் இரண்டு டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றை என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

9.40க்குப் பியூலா போன் செய்தாள்.

"விசாரணைக் குழு அஞ்சு நேரத்துக்கும் எழுத்துல ஆதாரம் கேக்காவ. பெட்டில ஒண்ணும் பதியலேன்னு சொன்னேன். அப்பொறம் நெனச்சேன், நீ எழுதிருப்ப. எழுதாம ஒனக்கு இருக்க முடியாதுல்லா."

"ஒரு நோட்டு இருக்கு."

"நேரம் போட்டிருக்கா?"

"அஞ்சுக்கும்."

"கொண்டா. குழுவுக்கு நான் அந்த அஞ்சு வரிய மட்டும் படி எடுத்துக் குடுக்கேன். மத்தத வாசிக்க மாட்டேன்."

"நேரம் மட்டும் தனியா இல்ல பியூலா. மத்ததோட சேந்துதான் இருக்கு."

பின்னால் பம்ப் சத்தம் கேட்டது. கீழேதான் நிற்கிறாள். ஜனவரியில் முதலிலிருந்து ஓட்டப்போகிறார்களாம். வேறொருவர் பகடை உருட்டுவார்.

"நம்ம பழைய பிராக்டிகல் நோட்டு மாதிரியாட்டி?" என்றாள். "வரி விடாம வாசிக்கணுமோ?"

"ஆமா."

"சரி. கொண்டா."

தாள்களைக் கிழித்து நேரத்தை மட்டும் தரலாமா என்று யோசித்தேன். கிழித்தால் ஆதாரம் ஆகாது. நானே இன்னொருவருடைய நோட்டு அப்படி வந்தால் நம்ப மாட்டேன். அதனால் அப்படியே கொடுக்கிறேன். "இது பொறாமை அல்ல" என்று எழுதிய பக்கத்தையும் அடிக்கவில்லை.

ஐந்து பக்கங்களின் மூலையை மடித்திருக்கிறேன். கடைசியாக இன்னொரு பக்கத்தையும் மடித்தேன், நவம்பர் 3. அன்று பகல் 1.17க்கு ஆய்வகம் பூட்டியிருந்தது. அலமாரிச் சாவி என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒன்று வந்து அந்தக் கம்பியைத் தொட்டிருக்கிறது. நான் இங்கே, கிரைண்டர் சத்தத்தில். அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, அதில் மாவு மட்டும்தான் இருக்கிறது.

பியூலா, அது நான் இல்லை.